யாருடைய சைக்கிள் அது?

மாங்கேணியில் காலை ஆறரைக்கு வந்து நின்று பாருங்கள். திருகோணமலை வீதியோரத் தேநீர்க்கடை ஒன்றின் தாழ்வாரத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் பஸ் ஏறியவர்கள் விட்டுப்போனவை. பொழுதுபட்டுத்தான் திரும்பி வந்து எடுப்பார்கள். பாதிக்கு மேல் பூட்டே இல்லை. பூட்டு உள்ளவற்றிலும் சில துருப்பிடித்து இறுகிப்போய், பூட்டவும் முடியாமல் கழற்றவும் முடியாமல் சும்மா தொங்குகின்றன. கடற்கரை ஊரில் பூட்டுக்கு ஆயுள் குறைவு.

கடைக்காரப் பெரியம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன், "இதெல்லாம் யாருடைய சைக்கிள் என்று தெரியுமா?"

"தெரியாம என்ன? இது கிணத்தடி வளவு மூத்தவன்ட. அது அவன்ட மச்சான்ட. அந்தப் பச்சை, டீச்சர்ட. கரியரில பெட்டி கட்டினது மீன்காரத் தம்பிட, அவர் இண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார்."

பெரியம்மா எதையும் எழுதி வைப்பதில்லை. சைக்கிளைப் பார்த்தால் ஆள் தெரியும், ஆளைப் பார்த்தால் சைக்கிள் தெரியும். ஊருக்குப் புதியவன் ஒருவன் அதில் ஒன்றை உருட்டிக்கொண்டு வடக்கே போனால் பனிச்சங்கேணியை எட்டுவதற்குள், தெற்கே போனால் காயான்கேணியைத் தாண்டுவதற்குள், நாலு பேராவது மறித்துக் கேட்பார்கள்: "தம்பி, இது அவர்ட சைக்கிளல்லோ?" மாங்கேணியின் சைக்கிள் பாதுகாப்புத் திட்டம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இதே சைக்கிள் பல்கலைக்கழகத்துக்குப் போனால் என்ன ஆகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் தங்கையின் மகன் இரண்டு வருடத்துக்கு முன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். தகப்பனின் பழைய லுமாலா சைக்கிளை மீன் ஏற்றும் கூலர் லொறியில் கட்டி விடுதிவரை கொண்டுபோய் இறக்கினோம். விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு நடந்தால் இருபது நிமிடம், மிதித்தால் ஐந்து. பின்சில்லில் ஒரு வளையப் பூட்டும் இருந்தது. மூன்றாவது கிழமை, நூலகத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு உள்ளே போனவன் நாலு மணிக்கு வெளியே வந்தபோது மற்ற எல்லாச் சைக்கிளும் நின்றன, அவனுடையது இல்லை.

வளாகங்களில் சைக்கிள் "களவு போவதில்லை", யாரோ "எடுத்துக்கொண்டு போயிருப்பான்". அந்தப் பாஷையே அப்படி. கூட்டாளிமார் சிரித்தார்கள். பெண்கள் விடுதிப் பக்கம் பார், கன்ரீன் பின்னால் பார், மைதானத்தில் பார் என்றார்கள். இதில் உண்மையும் உண்டு. அவசரத்துக்கு எடுத்து, போன இடத்தில் போட்டுவிட்டு வருவதை யாரும் களவாக நினைப்பதில்லை. நாங்கள் படித்த காலத்தில் வால்கட்டையைக் கழற்றிப் போவதும் பகிடியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பகிடிதான் உண்மையான கள்ளனுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுக்கிறது. மருமகனும் நானும் பொலிசுக்குப் போனது மூன்றாம் நாள்.

"பிறேம் நம்பர் என்ன தம்பி?"

"தெரியாது சேர்."

"வாங்கின பற்றுச்சீட்டு?"

"அப்பா வாங்கினது சேர். பதினைஞ்சு வருசம்."

"அப்ப என்ன அடையாளம் சொல்லுவீர்?"

"பின் மட்காட்டில ஒரு நெளிவு. கரியர்ல ஒரு பக்கம் வெல்டிங் பிடிச்சது. சீற்றுக்குக் கீழ நீலக் கயிறு கட்டியிருக்கு."

அந்த உத்தியோகத்தர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். பிறகு எங்களைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறம் வெளிறிய சைக்கிள்கள் வேலியோரம் குவிந்து கிடந்தன. "மட்காட்டில நெளிவில்லாத சைக்கிள் ஒண்டை இதில காட்டும் பாப்பம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் குறையும் இல்லை. அவர் கேட்டதும் எங்கள் ஊர்ப் பெரியம்மா பதில் சொல்லக்கூடிய கேள்விதான்: இது யாருடையது? அதைச் சொல்ல எங்களிடம் இருந்தது நீலக் கயிறு மட்டும்.

அந்த வேலியோரச் சைக்கிள்களின் கதை அதற்குப் பிறகும் தொடர்கிறது. பொலிசார் கைப்பற்றிய பொருளுக்கு உரிமையாளர் தெரியாவிட்டால் அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அறிவித்தல் போடுவார்கள். உரிமை கோர ஆறு மாதம் உண்டு. யாரும் வராவிட்டால் ஏலம். அரசாங்க வர்த்தமானியில் நீதிமன்றங்களின் ஏல அறிவித்தல்களை எப்போதாவது வாசித்திருக்கிறீர்களா? வழக்கு இலக்கம், பொருள், எண்ணிக்கை என்று அட்டவணை போகும். "துவிச்சக்கரவண்டி - 01" என்ற வரி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எங்கோ ஒருவர் நடந்துபோய்க்கொண்டிருக்கிறார். கள்ளன் பிடிபட்டும், பொருள் கிடைத்தும், உடையவனிடம் போய்ச் சேராத சாமான் வேறு என்ன இருக்கிறது? மோட்டார் சைக்கிளுக்கு இது நடப்பது அரிது, அதற்கு ஒரு புத்தகம் இருக்கிறது. மாட்டுக்குக்கூடக் குறி இருக்கிறது.

சைக்கிளுக்கும் ஒரு காலத்தில் இலக்கம் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்: வருடா வருடம் லைசன்ஸ் எடுத்து, சின்னத் தகரத் தகடு ஒன்றை வாங்கிப் பொருத்தவேண்டும். இல்லாவிட்டால் மறித்துப் பிடிப்பார்கள். ஆச்சரியம் என்னவென்றால் அந்தச் சட்டம் இன்னும் சாகவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் வாகனங்களுக்கும் விலங்குகளுக்குமான வரி என்று ஒன்று உண்டு. வியாபாரத்துக்குப் பயன்படும் சைக்கிளுக்கு வருடத்துக்கு 18 ரூபாய், மற்றச் சைக்கிளுக்கு 4 ரூபாய். அதாவது கரியரில் மீன் பெட்டி கட்டினால் 18, கட்டாவிட்டால் 4. அதே பட்டியலில் குதிரைக்கு 15 ரூபாயும் யானைக்கு 50 ரூபாயும் இருக்கின்றன. இன்றும் பல பிரதேச சபைகள் வருடம் பிறக்குமுன் இந்தப் பட்டியலை வர்த்தமானியில் போட்டு வருகின்றன. ஆனால் யார் போய்க் கட்டுகிறார்கள்? யார் வாங்குகிறார்கள்? நாலு ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு அடிக்கும் கடதாசிக்கே அதைவிடச் செலவாகும்.

வரியாகப் பார்த்தால் அது செத்ததில் நட்டமில்லை. ஆனால் வரியோடு சேர்ந்து தகடும் போய்விட்டது. இந்த நாட்டில் சைக்கிளுக்கும் உடையவனுக்கும் நடுவே இருந்த ஒரே எழுத்து அதுதான். யானைக்கு வரி வாங்கும் சபையிடம் போய், என் சைக்கிளின் இலக்கத்தை எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்க இன்று வழியில்லை.

யுத்தகாலத்தில் எங்கள் பக்கத்தில் சைக்கிள்தான் அம்புலன்ஸ், லொறி, கலியாண வாகனம். பெற்றோல் கண்ணில் படாத வருடங்கள் அவை. சோதனைச்சாவடியில் இறங்கி உருட்டவேண்டும், யாருடையது, எங்கே வாங்கியது என்று கேட்டால் பதில் சொல்லவேண்டும். பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்த மனிதர்களை எனக்குத் தெரியும். 2006 கடைசியில் வாகரைப் பக்கத்துச் சனம் வெளியேறியபோது சட்டி பானையும் கிழவிகளும் வந்து சேர்ந்தது பெரும்பாலும் சைக்கிளில். சுனாமிக்குப் பிறகும் மீள்குடியேற்றத்துக்குப் பிறகும் தொண்டு நிறுவனங்கள் கொடுத்த சைக்கிள்கள் வந்தன. எல்லாம் ஒரே நிறம், ஒரே அச்சு. அப்போதுதான் எங்கள் ஊரில் மட்காட்டில் பெயின்றால் பெயர் எழுதும் பழக்கம் பரவியது. கோவில் வாசலில் ஒரே மாதிரி முப்பது நின்றால் வேறு என்ன செய்வது?

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது, சைக்கிளை மறந்தோம். 2022 அதைத் திரும்ப நினைவூட்டியது. அந்த ஜனவரியில் லீற்றர் 177 ரூபாய்க்கு விற்ற பெற்றோல் ஜூன் முடிவில் 470 ஆனது. எரிபொருளுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கோழிக்கூட்டுக்கு மேலே கிடந்த சைக்கிள்களை இறக்கித் துடைத்தோம். புதிய சைக்கிளின் விலை மளமளவென்று ஏறியது. விலை ஏறினால் கள்ளனும் கவனிப்பான். இருபதாயிரத்துக்கு வாங்கிய பொருளும் எழுபதாயிரத்துக்கு வாங்கிய பொருளும் அவனுக்கு ஒன்றல்லவே.

ஒரு மாணவன் பக்கமிருந்து இந்தக் கணக்கைப் பாருங்கள். 2025இல் மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தை மாதம் 7,500 ரூபாயாக உயர்த்தினார்கள். புதிய சைக்கிள் ஒன்றுக்குக் குறைந்தது ஐந்தாறு மாதப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கவேண்டும். சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? வளாகத்துக்குள் சைக்கிள் மிதிப்பவர்கள் யார் என்று பார்த்தால் வாகரை, கிரான், வெல்லாவெளி என்றுதான் ஊர் சொல்வார்கள். வசதியுள்ள பிள்ளை ஸ்கூட்டரில் வருகிறது. வாயிலில் ஸ்கூட்டரை மறித்து ஸ்டிக்கர் பார்க்கிறார்கள். சைக்கிளை யாரும் மறிப்பதில்லை. சைக்கிள் கள்ளனுக்கு ஒரு வசதி, மற்றக் கள்ளர் பலருக்குக் கிடையாது: அவன் களவெடுத்த பொருளே அவனைச் சுமந்துகொண்டு வெளியே போகும். காவலாளியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மிதிப்பான். அவரும் பதிலுக்குத் தலையாட்டுவார்.

சரி, பூட்டைப் பற்றிப் பேசுவோம். நாம் பூட்டும் முறையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. வளையப் பூட்டு என்ன செய்கிறது? சைக்கிளின் சில்லைச் சைக்கிளின் உடம்போடு பூட்டுகிறது. சைக்கிளைச் சைக்கிளோடேயே கட்டிவைத்துவிட்டு நாம் போகிறோம். மிதித்துக்கொண்டு போகத்தான் முடியாது. பின்பக்கத்தைத் தூக்கி முன்சில்லில் உருட்டினால் ஒரு பொடியனே கொண்டுபோய்விடுவான். வழியில் யாராவது கேட்டால் "திறப்புத் துலைஞ்சிட்டு, கடைக்குக் கொண்டு போறன்" என்று சொன்னால் போதும், உதவிக்கு இன்னொருவரும் பிடித்துக்கொடுப்பார். மருமகனின் சைக்கிள் அப்படித்தான் போயிருக்கவேண்டும். பூட்டு உடைந்த துண்டுகூட அங்கே கிடக்கவில்லை.

அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டாத பூட்டு பூட்டில் சேர்த்தியில்லை. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பக்கம் ஷெல்டன் பிறவுண் என்று ஒரு சைக்கிள் மெக்கானிக் இருந்தார், 2008இல் இறந்துபோனார். உலகம் முழுக்கச் சைக்கிள்காரர்கள் அவரிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். அவர் சொன்ன முறை இது: சின்ன யூ வடிவ இரும்புப் பூட்டு ஒன்றை எடுத்து, சீற்றுக்குக் கீழே பிறேமின் பின்பக்கம் முக்கோணமாக இருக்கிறதே, அந்த முக்கோணத்துக்குள் வரும் பின்சில்லின் துண்டையும் கம்பத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள். பிறேமைப் பூட்டு தொடவே வேண்டாம், ஏனென்றால் அந்த இடத்திலிருந்து சில்லு உருவி வராது. பின்சில்லும் பிறேமும் ஒரே பூட்டில் அடங்கிவிடும். பார்க்கப் பிழை போலத் தோன்றும், யோசித்தால் சரி.

விலையான பூட்டிலும் கண்மூடி நம்பிக்கை வேண்டாம். 2004இல் கிறிப்டோனைற் என்ற பெயர்போன கம்பனியின் உருளைத் திறப்புப் பூட்டுகளை, சாதாரணக் குமிழ்முனைப் பேனாவின் குழாயைச் செருகித் திருகியே திறக்கலாம் என்று அம்பலமாகி, கம்பனி பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம்மூரில் பேனாவும் தேவைப்படாது, உப்புக்காற்று போதும். கிழமைக்கு ஒருதரம் தையல் மெசின் எண்ணெயில் இரண்டு சொட்டு விடுங்கள். சாவித் துவாரம் நிலத்தைப் பார்க்கும்படி பூட்டுங்கள், மழைத்தண்ணீர் இறங்காது.

ஆனால் கம்பம் எங்கே? பல வளாகங்களில் சைக்கிள் தரிப்பிடம் என்று இருப்பது தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் மட்டும். வெயிலுக்கு மறைப்பு, கள்ளனுக்கும் மறைப்பு. தேவை மிகச் சின்ன வேலை: இரண்டு அங்குல இரும்புக் குழாயைக் கவிழ்த்த 'ப' போல வளைத்து, இரண்டு காலையும் கொங்கிறீட்டில் இறக்குவது. ஒரு குழாயில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள். செங்கலடியிலோ வாழைச்சேனையிலோ உள்ள எந்த வெல்டிங் கடையும் ஒரு கிழமையில் ஐம்பது செய்து கொடுக்கும். அதைக் கட்டடத்துக்குப் பின்னால் மறைவில் போடாமல் நூலக வாசலுக்கு நேரே, ஆள் நடமாட்டத்துக்கு நடுவே போடவேண்டும்.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள், முடிவு 2012இல் வெளிவந்தது. களவு கூடிய மூன்று சைக்கிள் தரிப்பிடங்களில் பெரிய இரண்டு கண்களின் படத்தை வைத்து, கள்ளரே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் எழுதி மாட்டினார்கள். கமரா இல்லை, காவலாளி இல்லை, வெறும் படம். முந்திய வருடத்தோடு ஒப்பிட்டால் அந்த இடங்களில் களவு 62 வீதம் குறைந்தது. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் படம் மாட்டாத மற்றத் தரிப்பிடங்களில் களவு 65 வீதம் கூடியது. கள்ளன் மனம் திருந்தவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டான்.

அந்தப் படக் கண்களுக்கும் எங்கள் பெரியம்மாவின் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். படம் பார்க்கும், ஆனால் எது யாருடையது என்று அதற்குத் தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் வளாகத்தில் அத்தனை சைக்கிளையும் தெரிந்த பெரியம்மா கிடைக்கமாட்டார். அவருடைய வேலையைச் செய்ய ஓர் இலக்கம் வேண்டும்.

ஜப்பானில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 1994 முதல் சைக்கிள் வைத்திருப்பவர்கள் களவுத்தடுப்புப் பதிவு செய்வது கட்டாயம். வாங்கும் கடையிலேயே சிறு கட்டணத்தில் இலக்க ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், விபரம் பொலிசிடம் போய்விடும். தெருவில் பொலிஸ்காரர் மறித்தால் இலக்கத்தைச் சரிபார்ப்பார். நண்பனின் சைக்கிளில் போன வெளிநாட்டு மாணவர்கள் விளக்கம் சொல்லித் திண்டாடுவது அங்கே வழக்கமான கதை. "தம்பி, இது அவர்ட சைக்கிளல்லோ?" என்ற அதே கேள்விதான், ஜப்பானிய மொழியில்.

நாடு முழுவதற்கும் அப்படியொரு சட்டம் நாளைக்கே வரும் என்று நான் கனவு காணவில்லை. வரத் தேவையும் இல்லை. ஒரு வளாகத்துக்கு ஒரு கொப்பி போதும். வந்தாறுமூலையில் தொடங்கலாம். 1981 ஓகஸ்டில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமானது அது. நம் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் எட்டக்கூடிய தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பதுதானே அப்போதைய ஆசை. முதல் வருடப் பிள்ளைகள் பதிவுக்கு வரும் நாளில், பிறேம் நம்பரையும் மாணவர் இலக்கத்தையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டு, பிறேமில் அழியாத பெயின்றால் ஓர் எண் அடித்துவிடலாம். ஸ்டிக்கர் வேண்டாம், நகத்தால் உரிந்துவிடும். வாயிலில் இருப்பவர் ஒவ்வொன்றையும் மறிக்கவேண்டியதில்லை, சந்தேகம் வந்தால் எண்ணையும் அடையாள அட்டையையும் பார்க்கட்டும். நண்பனுக்குக் கொடுத்தவன் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுவான்.

இதில் எதிர்ப்பும் வரும் என்று தெரியும். பதிவு, இலக்கம், வாயிலில் சோதனை என்ற சொற்கள் எங்கள் தலைமுறைக்கு நல்ல ஞாபகங்களைக் கொண்டுவருவதில்லை. சாவடியில் இறங்கி உருட்டிய கால்களுக்கு வளாக வாயிலிலும் உருட்டச் சொன்னால் வலிக்கும். அதனால்தான் கொப்பி மாணவர் கையில் இருக்கவேண்டும் என்கிறேன். மாணவர் சங்கமே எழுதட்டும், நிர்வாகம் குழாயை மட்டும் போடட்டும்.

வந்தாறுமூலை அடங்கும் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபைக்கும் ஒரு வேலை உண்டு. அந்த 4 ரூபாயை வாங்கிப் பதிவேட்டில் எழுதி, பற்றுச்சீட்டு ஒன்று கொடுத்தால் போதும். காணாமல் போகும் நாளில் பொலிசாரின் முதல் கேள்விக்கு அந்தச் சீட்டு பதில் சொல்லும். சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, தூசு தட்டவேண்டியதுதான். எங்கள் ஊர் அடங்கும் கோறளைப்பற்று வடக்குச் சபையும் செய்யலாம், எங்கள் மீன்காரத் தம்பி 18 ரூபாயைச் சந்தோசமாகக் கட்டுவார்.

இன்னொருவரையும் சேர்க்கவேண்டும்: சைக்கிள் திருத்துபவர். களவுபோன சைக்கிள் முழுசாக விற்பனையாவது குறைவு. ஹாண்டில் ஒன்றில், சீற் இன்னொன்றில், சில்லு வேறொன்றில் என்று பிரிந்துவிடும். தெரிந்தே வாங்குபவருக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை மறியல் உண்டு. களவெடுத்தவனுக்கு 367ஆம் பிரிவு கொடுப்பதும் அதே மூன்று வருடம்தான். மரத்தடியில் பெட்டி வைத்திருக்கும் ஏழையைச் சட்டத்தால் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவருக்குத்தான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சைக்கிளின் எந்த நட்டு எப்போது மாறியது என்று தெரியும். வளாகக் கொப்பியின் ஒரு பிரதி அவரிடமும் இருந்தால், அவரே அங்கத்தைய பெரியம்மா.

படிப்பு முடித்துப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் சைக்கிள்கள் வேறு ஒரு தலையிடி. சென்னை ஐ.ஐ.டி. போன்ற பெரிய வளாகங்களிலும் இதே கதைதான். உடையவன் இல்லாத வண்டிகள் தரிப்பிடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், இரவோடு இரவாக ஒவ்வொரு பாகமாகக் கழன்று போகும். யாரும் கேட்காத பொருளைக் கழற்றிப் பழகிய கை, கேட்க ஆளுள்ள பொருளிலும் துணியும். இலக்கம் இருந்தால் கடைசி வருடப் பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டுக் கேட்கலாம்: கொண்டுபோகிறாயா, அடுத்து வரும் பிள்ளைக்குக் கொடுக்கட்டுமா?

மருமகனின் லுமாலா கிடைக்கவில்லை. இப்போது மூன்றாம் வருடம், நடக்கிறான். இந்த முறை அவன் தங்கச்சி பல்கலைக்கழகம் போகிறாள். அவளுக்கென்று வாழைச்சேனையில் வாங்கிய சைக்கிளைப் போன ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்துவைத்துக்கொண்டு அண்ணனும் தங்கச்சியும் குந்தியிருந்தார்கள். பெடல் பொருத்திய குழலின் அடியில் கடைக்காரன் அள்ளிப் பூசிய கிறீஸ். அவள் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தாள், அவன் போன் வெளிச்சத்தைப் பிடித்தான்.

"மூண்டா எட்டாண்ணா இது?"

"எட்டு. இன்னொருக்காத் தேய்."

தேய்த்தாள். மூன்றுதான். அவன் அழித்துவிட்டு, சுவரில் தொங்கிய கலண்டரின் பின்பக்கத்தில் திருத்தி எழுதினான்.